பவர் ரேஞ்சர்ஸ் இன் ஸ்பேஸ்: பலமும் பலவீனமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998-ல் வந்த 'பவர் ரேஞ்சர்ஸ் இன் ஸ்பேஸ்' சீசனைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இப்போது மறுபடி பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு வரை எல்லாமே வரும். முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது எந்த சீசன்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வண்ண உடை வீரர்களாக உருமாறி அரக்கர்களோடு சண்டை போடும் குழுவின் கதையான பவர் ரேஞ்சர்ஸ் தொடர் அமெரிக்காவில் 1993 ஆகஸ்டில் தொடங்கியது. ஜப்பானின் டோயி நிறுவனம் எடுத்த சூப்பர் சென்டாய் தொடர்களின் சண்டைக் காட்சிகளை வாங்கி, அமெரிக்க நடிகர்களை வைத்துப் புதுக் கதை எடுத்து, இரண்டையும் ஒட்டித் தைப்பது அப்போது சபான் நிறுவனத்தின் வேலையாக இருந்தது. 'இன் ஸ்பேஸ்' 1998 பிப்ரவரியில் ஃபாக்ஸ் கிட்ஸில் ஆரம்பித்து நவம்பரில் முடிந்தது. மொத்தம் 43 எபிசோடுகள். இதற்கு மூலம் 1997-ல் ஜப்பானில் வந்த 'டென்ஜி சென்டாய் மெகாரேஞ்சர்'.

கதை இதுதான். ரேஞ்சர்களின் வழிகாட்டியான ஸோர்டானை டார்க் ஸ்பெக்டர் என்ற தலைமை வில்லன் பிடித்துவைத்து அவருடைய சக்தியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். அவரைத் தேடி விண்வெளிக்குப் போகும் நான்கு முன்னாள் ரேஞ்சர்கள், கேஓ-35 கிரகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரோஸ் என்ற சிவப்பு ரேஞ்சரைச் சந்திக்கிறார்கள். ஆண்ட்ரோஸோ சின்ன வயதில் கடத்தப்பட்ட தன் தங்கையைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

முந்தைய சீசன்களைப் பார்க்காமல் நேராக இதில் தொடங்கலாமா?

தாராளமாக. இதற்கு முந்தைய 'டர்போ' முடியும்போது ரேஞ்சர்கள் சக்தியை இழந்து, தலைமையிடமும் வெடித்துப்போய், ஒரு விண்ஓடத்தில் ஏறிக் கிளம்புகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் போதும். ஸோர்டான் யார் என்று பிள்ளை கேட்டால், "கண்ணாடிக் குழாய்க்குள் பெரிய முகமாகத் தெரிவாரே, அவர்தான் 1993-லிருந்து எல்லா ரேஞ்சர்களுக்கும் ஆசான்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி எபிசோடின் கனம் முழுதாக இறங்க வேண்டுமானால் முதல் சீசனில் நாலைந்து எபிசோடுகளாவது பார்த்திருப்பது நல்லது.

இந்த சீசனின் மிகப் பெரிய பலம் எது?

அஸ்ட்ரோனெமா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கு முன் வந்த ரீட்டா, செட், டிவாடாக்ஸ் எல்லாரும் மாளிகையிலோ கப்பலிலோ உட்கார்ந்து கத்துகிற வில்லன்கள். வாராவாரம் ஒரு அரக்கனை அனுப்புவார்கள், தோற்பார்கள், தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வார்கள். அஸ்ட்ரோனெமாவும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கிறாள். எபிசோடுக்கு எபிசோடு விக் நிறம் மாற்றுவதே அவளுடைய அடையாளம் என்று நினைக்கத் தோன்றும். சீசனின் நடுப்பகுதியில்தான் ஆண்ட்ரோஸ் தேடும் தங்கை கரோன் இவளேதான் என்று தெரியவருகிறது. குழந்தையாக இருந்தபோது டார்கோண்டா என்ற வில்லன் கடத்திப்போய், தீயவர்கள் நடுவே வளர்ந்தவள். அண்ணன் கழுத்தில் ஒரு லாக்கெட், தங்கையிடம் அதே மாதிரி இன்னொன்று.

பழைய சினிமா உத்திதானே என்றால், ஆமாம், தொலைந்த உறவு லாக்கெட்டால் சேர்வது நமக்குப் பழகிய கதைதான். ஆனால் அதோடு முடித்துக்கொள்ளவில்லை. உண்மை தெரிந்ததும் அவள் அண்ணன் பக்கம் வந்துவிடுகிறாள், ரேஞ்சர்களின் கப்பலில் தங்குகிறாள். பூமியை நோக்கி வரும் ஒரு விண்கல்லை நிறுத்துவதற்காகப் பழைய கோட்டைக்குள் திரும்பிப் போகிறாள். அங்கே பிடிபட்டு, மூளை மாற்றப்பட்டு, முன்னைவிடக் கொடூரமானவளாக வெளியே வருகிறாள். நல்லது செய்யப் போனதால்தான் மாட்டினாள் என்பது ஒரு சிறுவர் தொடருக்கு ரொம்பவே கசப்பான திருப்பம். அதற்குப் பிறகு அவள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்பு நின்றுபோகிறது. மெலடி பெர்கின்ஸ் நடிப்பிலும் இந்த மாற்றம் தெரிகிறது: முதல் பாதியின் விளையாட்டுத்தனம் போய், குரல் தட்டையாகி, பார்வை எங்கேயும் நிலைக்காமல் இருக்கும்.

எக்லிப்டர் வெறும் அடியாள்தானே? அவனை ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

கறுப்பு உடம்பில் பச்சைக் கோடுகள் ஓடும் அந்த வீரன் அஸ்ட்ரோனெமாவை வளர்த்தவன். ஜப்பான் மூலத்தில் இதே உடையில் வருபவன் யுகாண்டே என்ற வேறொரு பாத்திரம். அவனுக்கும் இந்த வளர்ப்புக் கதைக்கும் தொடர்பில்லை. சபான் எழுத்தாளர்கள் அந்த உடைக்குள் ஒரு அப்பாவை வைத்தார்கள். கட்டளை என்றால் கொல்லத் தயங்காதவன், ஆனால் அவளுக்கு ஒன்று என்றால் தடுமாறிவிடுவான். இரவல் வாங்கிய சண்டைக் காட்சிகளோடு இழுத்துக்கொண்டு போக வேண்டிய நெருக்கடியில் இப்படியொரு பாத்திரம் பிறந்தது, இந்தத் தொழில்முறையையே எனக்குக் கொஞ்சம் மதிக்க வைத்தது.

அப்படியானால் பெரிய பலவீனம்?

அந்தப் பலத்தின் மறுபக்கமேதான். அண்ணன் தங்கை கதைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததில் மற்ற நால்வரும் ஒல்லியாகிவிட்டார்கள்.

டி.ஜே.யை எடுத்துக்கொள்ளுங்கள். 'டர்போ'வில் அவன்தான் சிவப்பு ரேஞ்சர், குழுவின் தலைவன். இங்கே வந்ததும் நீலம் கொடுக்கிறார்கள், தலைமை ஆண்ட்ரோஸுக்குப் போகிறது. எந்த ஊர் வேலையிடத்திலும் இது ஒரு பெரிய விஷயம். இங்கே டி.ஜே. முகம்கூடச் சுளிப்பதில்லை. பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை என்பதுதான் என் கணிப்பு. ஆண்ட்ரோஸ் யாரையும் நம்பாத தனியாள், டி.ஜே. குழுவை நடத்திப் பழகியவன். இந்த இருவரையும் உரச விட்டிருந்தால் ஐந்தாறு எபிசோடுகள் தானாக எழுதப்பட்டிருக்கும்.

ஆஷ்லிக்கு ஆண்ட்ரோஸ் மீது ஒரு மென்மையான ஈர்ப்பு, அதோடு சரி. காஸிக்கும் ஃபேண்டம் ரேஞ்சருக்கும் நடுவே 'டர்போ'விலிருந்து இழுபட்ட காதல் இங்கே ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டுக் காணாமல் போகிறது. அந்த ஃபேண்டம் ரேஞ்சர் ஹெல்மெட்டுக்குள் யார் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை.

கார்லோஸ் மட்டும் தப்பித்தான். ஒரு சண்டையில் அவன் கொடுத்த அடி தவறிப்போய் காஸிக்குக் காயமாகிறது. அதன்பின் அவன் தன்மேலேயே நம்பிக்கை இழக்கிறான், சண்டைக்கே பயப்படுகிறான். பழைய கறுப்பு ரேஞ்சரான ஆடம் வந்து அவனைத் தேற்றி, பயிற்சி கொடுக்கிறான். கடைசியில் கார்லோஸைக் காப்பாற்ற, உடைந்துபோன தன் பழைய மார்ஃபரை (உருமாறும் கருவியை), உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பயன்படுத்துகிறான். ஒரே எபிசோடில் ஒரு குற்றவுணர்ச்சி, ஒரு பழைய நாயகன், ஒரு புதுத் துணிச்சல். இதே தரத்தில் மற்ற மூவருக்கும் தலா ஒன்று கிடைத்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

ஜப்பான் காட்சிகள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறதா?

ஹெல்மெட்டை உற்றுப் பாருங்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு சின்னம் இருக்கும்: சிவப்புக்கு கணினி, கறுப்புக்கு செயற்கைக்கோள் தொடர்பு, நீலத்துக்கு தொலைக்காட்சி, மஞ்சளுக்கு கேமரா, இளஞ்சிவப்புக்கு கைப்பேசி. விண்வெளி வீரர்களுக்கு எதற்கு கேமராவும் கைப்பேசியும்? மெகாரேஞ்சர் என்பது 1997-ன் டிஜிட்டல் மோகத்தில் பிறந்த தொடர். அதில் ஐந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்தான் நாயகர்கள். விண்வெளி அங்கே ஒரு பகுதி மட்டுமே; அமெரிக்கர்கள் அந்தப் பகுதியைப் பிடித்து இழுத்து முழு சீசனாக்கிவிட்டார்கள். சின்னங்கள் விளக்கம் இல்லாமல் அப்படியே நெற்றியில் தங்கிவிட்டன. உருமாற மணிக்கட்டுக் கருவியைத் திறந்து 3-3-5 என்று எண்களைத் தட்டுகிறார்களே, அதுவும் அந்தத் தொலைபேசிக் காலத்து மிச்சம்தான்.

இதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை, உண்மையில் பிடிக்கவே செய்கிறது. உறுத்துவது வேறு. தூரத்துக் கிரகத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வெட்டில் பின்னணியில் ஜப்பானிய நகரத் தெருவோ தொழிற்சாலை வளாகமோ வந்துவிடும். தலைப்பிலேயே விண்வெளி இருக்கும் சீசனில் பெரும்பாலான அரக்கர்கள் ஏஞ்சல் குரோவ் ஊருக்கே வந்து அடிவாங்குவதற்குக் காரணமும் இதுதான். கையில் இருந்த சண்டைக் காட்சிகள் பூமியில் எடுக்கப்பட்டவை. போகும் கிரகங்களும் ஒரே மாதிரிப் பாறைக் காடாகவே இருக்கின்றன.

சைக்கோ ரேஞ்சர்கள் பகுதி அவ்வளவு நல்லதா, இல்லை சின்ன வயது நினைவா?

நிஜமாகவே நல்லது. ரேஞ்சர்களைப் போலவே ஐந்து நிறம், அதே ஆயுதங்கள், ஆனால் வளைந்து நெளிந்த கோரமான உடை. ஒவ்வொருவரும் தன் நிறத்து ரேஞ்சரைக் கொல்வதில் வெறியாக இருக்கிறார்கள். சாதாரண அரக்கனிடம் அடிவாங்கினால் மறுநாள் ரோபோவை எடுத்து வென்றுவிடலாம். இவர்களிடம் அது நடக்கவில்லை. அடுத்தடுத்த எபிசோடுகளில் ரேஞ்சர்கள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள்.

இந்தப் பகுதியின் உயிர், தப்பிக்க அவர்கள் செய்யும் தந்திரங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் ஐந்து பேரும் நீல உடையில் வந்து நிற்கிறார்கள். எந்த நீலம் உண்மை நீலம் என்று தெரியாமல் சைக்கோக்கள் திணறுகிறார்கள், தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். இன்னோரிடத்தில், குரலை வைத்துத்தான் தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்து யாரும் வாயைத் திறக்காமல் நடமாடுகிறார்கள். சிறுவர் தொடரில் பேச்சே இல்லாமல் பதற்றத்தை ஏற்றுவது சுலபமில்லை, அது இங்கே பலித்திருக்கிறது.

அதோடு இந்தச் சைக்கோக்களுக்குச் சக்தி டார்க் ஸ்பெக்டரிடமிருந்தே போகிறது. அவர்கள் சண்டை போடப் போட அவன் பலவீனமாகிறான். அஸ்ட்ரோனெமா அதைத் தெரிந்தேதான் செய்கிறாள். எஜமானனை உள்ளிருந்து அரிப்பதுதான் அவளுடைய திட்டம். வாராந்திரச் சண்டைக்குள் ஒரு அரண்மனைச் சதியை ஒளித்துவைத்ததற்காகவே எழுத்தாளர்களுக்கு ஒரு சபாஷ்.

ஸோர்டானைத் தேடும் கதை பாதியில் காணாமல் போகிறதே?

போகிறது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் எபிசோடில் அது உயிர்போகும் அவசரம். நடுவில் ரேஞ்சர்கள் ஏஞ்சல் குரோவ் வந்து சாவகாசமாகச் சுற்றுகிறார்கள், ஊர் வேலைகளில் கலந்துகொள்கிறார்கள். "சரி, ஸோர்டான் என்ன ஆனார்?" என்று பார்க்கிற பிள்ளையே கேட்கும். எப்போதாவது ஒரு துப்பு கிடைத்து நழுவிப்போகும். பெரிய கதையை 43 எபிசோடுகளுக்கு இழுக்கும்போது வருகிற வழக்கமான நோய் இது. தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பல்க்கும் ஸ்கல்லும் இந்த சீசனுக்குத் தேவையா?

முக்கால்வாசி நேரம் தேவையில்லை. முதல் சீசனிலிருந்து வரும் இந்த நகைச்சுவை ஜோடி, பேராசிரியர் ஃபினோமினஸ் என்ற அரைக்கிறுக்கு விஞ்ஞானியோடு சேர்ந்து வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுகிறார்கள். நகைச்சுவை பல இடங்களில் எடுபடவில்லை. ஆனால் கடைசிக் கால்வாசிக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. அதற்குக் கீழே கிளைமாக்ஸ் கேள்வியில் வருகிறேன்.

நிஞ்ஜா ஆமைகள் வரும் எபிசோடு நிஜமா?

நிஜம்தான். அப்போது சபான் தயாரித்துக்கொண்டிருந்த நேரடி நடிப்பு ஆமைத் தொடரின் ஆமைகள் இங்கே வருகின்றன. அஸ்ட்ரோனெமா அவற்றின் மூளையை மயக்கி ரேஞ்சர்களின் கப்பலான மெகாஷிப்புக்குள் அனுப்புகிறாள். கதைக்கு ஒரு பைசா சம்பந்தமில்லை. ஏழு வயதுப் பார்வையாளருக்கு ஆயுளின் உச்சமாக இருக்கலாம், அதனால் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

வெள்ளி ரேஞ்சர் ஸேன் எப்படி?

வரும்போது அமர்க்களம். காயம்பட்ட நண்பனை ஆண்ட்ரோஸ் கப்பலுக்குள்ளேயே உறைநிலையில் வைத்து, மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காத்துவந்திருக்கிறான் என்பது ஆண்ட்ரோஸின் தனிமையைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஸேன் கண்விழித்ததும் கலகலப்பானவனாக வந்து கப்பலின் இறுக்கத்தைக் குறைக்கிறான். அஸ்ட்ரோனெமாவோடு அவனுக்கு ஏற்படும் ஒரு சங்கோஜமான சந்திப்பு, சீசனிலேயே எனக்கு மிகவும் பிடித்த சிரிப்புக் காட்சிகளில் ஒன்று. அப்புறம்? கேஓ-35 மக்களோடு கிளம்பிப்போகிறான், தேவைப்படும்போது வருகிறான், போகிறான். அவ்வளவு நல்ல பாத்திரத்தை விருந்தாளியாக்கியது வீண்.

ரோபோக்கள் அளவுக்கு மீறி வருகின்றனவா?

பொம்மை விற்க வேண்டுமே. அஸ்ட்ரோ மெகாஸார்ட், டெல்டா மெகாஸார்ட், மெகா வாயேஜர், மெகா விங்கர் என்று நான்கு. ஜப்பான் மூலத்தில் இல்லாத ஒரு கவசத்தையும் ஆண்ட்ரோஸுக்காக அமெரிக்காவிலேயே செய்து சேர்த்தார்கள். புது ரோபோ வந்ததும் பழையது ஓரமாகிவிடும், காரணம் கேட்கக்கூடாது.

எந்த எபிசோடுகளைத் தாண்டிப் போகலாம்?

முதல் இருபதுக்குள் அரக்கன் வந்தான், அடிபட்டான் வகை நிறைய உண்டு. பாட்டி ஒருத்தி ஆஷ்லிக்கு ஜோடி தேடுவது மாதிரி கதைகளை நேரம் இல்லாதவர்கள் விட்டுவிடலாம், முக்கியக் கதையில் ஒன்றும் குறையாது. ஆனால் அதே கூட்டத்தில் காஸி ஒரு குளவி அரக்கனை நம்பும் கதை இருக்கிறது. அது கேலிக்கூத்து போலத் தொடங்கி, அந்த அரக்கன் அவளுக்காக எடுக்கும் முடிவில் நெஞ்சைத் தொட்டுவிடும். ஆடம் வரும் கார்லோஸ் எபிசோடையும் விடவேண்டாம். கரோன் யார் என்று தெரிந்த பிறகு வருபவற்றில் எதையும் தாண்டாதீர்கள்.

கிளைமாக்ஸ் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

'கவுன்ட்டவுன் டு டிஸ்ட்ரக்ஷன்' என்ற இரண்டு பகுதி முடிவு, இந்த சீசனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. 1993-லிருந்து ஓடிய ஆறு வருடக் கதைக்கே எழுதப்பட்டது. 'டர்போ'வுக்குப் பார்வையாளர்கள் குறைந்ததால் தொடரையே இதோடு நிறுத்திவிடும் எண்ணம் இருந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. பார்த்தாலே தெரிகிறது: நாளைக்கு எதையும் மிச்சம் வைக்காதவர்கள் எழுதியது போலவே இருக்கிறது.

பழைய வில்லன்கள் எல்லாரும் ஒன்றுகூடி ஒரே நேரத்தில் பிரபஞ்சம் முழுக்கத் தாக்குகிறார்கள். முந்தைய சீசன்களில் வந்த தங்க ரேஞ்சர், அக்விடார் கிரகத்து ரேஞ்சர்கள், ப்ளூ சென்ச்சூரியன் எல்லாரும் தோற்கிறார்கள். டார்கோண்டா ஏவுகணைகளோடு டார்க் ஸ்பெக்டரை அழிக்கப் போய், அவன் வாய்க்கே இரையாகி, இருவரும் ஒன்றாகச் சாகிறார்கள். அரியணை அஸ்ட்ரோனெமாவுக்கு. ரேஞ்சர்களை ஒப்படைக்காவிட்டால் ஊரை அழிப்பேன் என்று ஏஞ்சல் குரோவ் மக்களுக்குக் கெடு வைக்கிறாள்.

இப்போது பல்க், ஸ்கல். முதல் சீசனில் பள்ளியில் எல்லாரையும் வம்பிழுத்தவர்கள். இரண்டாவது சீசனில் ரேஞ்சர்களின் முகமூடிக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடிக்கவே அலைந்து திரிந்து அவமானப்பட்டவர்கள். இடையில் காவலர் வேலை, துப்பறியும் வேலை, ஒரு சீசனில் குரங்காக மாறிய கொடுமை வேறு. கெடு முடிகிற நேரத்தில், கூட்டத்தில் உண்மையான ரேஞ்சர்கள் முன்னே வரத் தயாராகும்போது, பல்க் முந்திக்கொண்டு தானே ரேஞ்சர் என்கிறான். உடனே ஸ்கல். பிறகு ஒருவர், இன்னொருவர், கடைசியில் கூட்டம் முழுவதும். அதற்குப் பிறகுதான் உண்மையானவர்கள் வெளியே வந்து, எல்லார் கண்ணெதிரேயும் உருமாறுகிறார்கள். ஆறு வருட ரகசியம், அதைத் தேடி அலைந்த இருவரின் எதிரிலேயே உடைகிறது. இத்தனை எபிசோடுகளில் அவர்கள் கேக்கில் முகம் புதைத்து விழுந்ததையெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்காக மன்னித்துவிடலாம்.

குறையும் உண்டு. மற்ற கிரகத்து நாயகர்களின் போர் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆறு வருடக் கதையின் முடிவு என்றால் பழைய ரேஞ்சர்களான டாமியோ கிம்பர்லியோ பில்லியோ ஒரு நொடி தலைகாட்டியிருக்கக் கூடாதா? யாரும் வரவில்லை.

ஆண்ட்ரோஸ் ஸோர்டானின் குழாயை உடைப்பது குழந்தைகளுக்கு ஏற்றதுதானா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வரும். நடப்பது இது: வில்லியின் கோட்டைக்குள் தனியாகப் போன ஆண்ட்ரோஸ் ஸோர்டானைக் கண்டுபிடிக்கிறான். தன் குழாயை உடைத்தால் வெளிவரும் அலை தீமையை எல்லாம் அழிக்கும், ஆனால் தான் இருக்கமாட்டேன் என்கிறார் அவர். ஆண்ட்ரோஸ் மறுக்கிறான். இதற்குள் தங்கை தாக்க, அவள் வீசிய கதிர் அவனுடைய வாளில் பட்டுத் திரும்பி அவள் மேலேயே பாய்கிறது. அவள் விழுகிறாள். எக்லிப்டர் கோபத்தில் பாய்கிறான். வேறு வழி இல்லாமல் ஆண்ட்ரோஸ் குழாயை உடைக்கிறான்.

இரத்தம் கிடையாது, கொடூரமான காட்சி எதுவும் கிடையாது. ஆனால் நல்லவர் ஒருவர் தானே கேட்டு உயிரைக் கொடுக்கிறார், அதைச் செய்து முடிப்பது அவரை நேசித்தவன். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இது குழப்பமாக இருக்கும். ஏழெட்டு வயதில் புரியும், கேள்வியும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எனக்கு உறுத்துவது அலை பரவிய பிறகு நடப்பவை. ரீட்டா, செட், டிவாடாக்ஸ் மனிதர்களாக மாறிவிடுகிறார்கள். ரீட்டாவும் செட்டும் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள். கரோன் உயிர்த்தெழுகிறாள். எக்லிப்டர் மட்டும் தூளாகிப் போகிறான். இத்தனை வருடம் ஊரையே அழிக்கப் பார்த்தவர்களுக்கு மறுவாழ்வு, அவளை வளர்த்தவனுக்கு மணல். உள்ளே மனிதர் இருந்தால் மனிதராகத் திரும்புவார், செய்யப்பட்ட உயிராக இருந்தால் அழிந்துபோகும் என்று ரசிகர்கள் விளக்கம் சொல்வார்கள். விதியாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இறந்துபோன மகளுக்காகக் கத்திக்கொண்டு ஓடிவந்த ஒருவனிடம் தீமை மட்டும்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? கரோன் கண்விழித்த பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும். கேட்கவில்லை. சீசன் தானே கட்டி எழுப்பிய மிகச் சிறந்த உறவைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டது.

ஜப்பான் மூலம் இதைவிட நல்லதா?

இரண்டும் வேறு வேறு ஆசைகள். மெகாரேஞ்சரிலும் முடிவில் ரகசியம் உடைகிறது, ஆனால் நேர்மாறாக. தங்கள் பள்ளிக்குள் ரேஞ்சர்கள் இருப்பதால்தான் ஆபத்து வருகிறது என்று சக மாணவர்களே அவர்களை வெறுக்கிறார்கள், துரத்துகிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியுமா என்பதுதான் கடைசிச் சண்டையின் உள்ளே இருக்கும் வலி. அமெரிக்கக் கூட்டம் "நானும் ரேஞ்சர்" என்று சேர்ந்து நிற்கிறது. ஜப்பான் கூட்டம் பயந்து விலகிப் பிறகு மெல்லத் திரும்பி வருகிறது. எது உண்மைக்கு நெருக்கம் என்றால் ஜப்பானியதுதான். எது கைதட்ட வைக்கிறது என்றால் அமெரிக்கர்களுடையது. நாயகர்கள் ஐவரும் சமமாக வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மெகாரேஞ்சரைத்தான் பரிந்துரைப்பேன். வில்லி பக்கத்துக் கதைக்காக என்றால் 'இன் ஸ்பேஸ்'.

மொத்தத்தில் பவர் ரேஞ்சர்ஸ் சீசன்களில் இதற்கு என்ன இடம்?

ஸோர்டான் காலத்துக் கதைகளில் முதலிடம். எல்லாக் காலத்துக்கும் என்று கேட்டால் முதல் மூன்றுக்குள் வைப்பேன், வரிசையை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டே இருப்பேன்.

முடித்த பிறகு அடுத்து எதைப் பார்ப்பது?

1999-ல் வந்த 'லாஸ்ட் கேலக்ஸி'. குழு புதியது, கதை புதியது. ஆனால் சைக்கோ ரேஞ்சர்கள் ஒருமுறை திரும்பி வருகிறார்கள், இங்கே இருந்த ரேஞ்சர்களும் துணைக்கு வருகிறார்கள். அதில் ஒரு ரேஞ்சர் உயிரைக் கொடுக்க, அவளுடைய இளஞ்சிவப்பு உடையை அணிய வருபவள் கரோன். பழைய பெயரைச் சொன்னாலே ஊர் நடுங்கும் ஒருத்தி எப்படி நாயகியாக நடமாடுவாள் என்ற கேள்வியை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். சீசன் முழுவதற்கும் நேரம் இல்லையென்றால் அவள் வரும் பிற்பாதியிலிருந்து தொடங்கினாலும் புரியும்.